பொற்பூச்சும் சூளைத்தீயும்

கலைப்பொருள் ஒன்றை மதிப்பிடப் புகுவோர், 'இது அழகாக இருக்கிறதா?' என்று கேட்டு நின்றுவிடுதல் போதாது. 'இதன் அழகு எங்கே ஒட்டியிருக்கிறது?' என்றும் கேட்டல் வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் அழகு ஒருவகை. உள்ளே உருகிக் கலந்திருக்கும் அழகு மற்றொரு வகை. பார்த்த கணத்தில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். கழுவக் கழுவத்தான் வேறுபாடு விளங்கும். கண்ணாடிக் கலங்களைப் பற்றிய இவ்வுண்மை இந்நாட்டுத் தமிழ் எழுத்துக்கும் பொருந்தும் என்பது என் துணிபு. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு கண்ணாடிகள்

கெடா மாநிலத்தில் பீடோங் நகருக்கு அண்மையில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் வாழ்வில் இருவகைக் கண்ணாடிகள் இருந்தன.

ஒன்று, மங்கு. பால்மரத்தின் பட்டையில் உளிக்கத்தி கீறிய கோட்டின் வழியே வடிந்து வரும் பாலை ஏந்தும் கிண்ணத்தைத் தோட்டத்து மக்கள் மங்கு என்பர். மலாய் மொழியின் 'மங்குக்' என்னும் சொல்லே நம் நாவில் அவ்வாறு தேய்ந்தது. பீங்கானாலும் கண்ணாடியாலும் செய்த மங்குகள் அக்காலத்தில் புழக்கத்தில் இருந்தன. விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் பெற்றோர் மரம் வெட்டப் போவர். பள்ளி விடுமுறை நாட்களில் நாங்களும் உடன் சென்று மங்கு துடைப்போம். முதல்நாள் பால் உறைந்து ஒட்டியிருக்கும் கட்டியை உரித்தெடுத்துவிட்டுக் கிண்ணத்தை மீண்டும் கம்பியில் பொருத்துதல் எங்கள் பணி. கொசுக்கடிக்கு இடையே எத்தனை மங்குகளைத் துடைத்தோம் என்பதற்குக் கணக்கில்லை. அவற்றில் ஒரு பூவோ ஒரு கோடோ இராது.

மற்றொன்று, என் தாயார் அலமாரியில் வைத்துக் காத்த ஆறு கண்ணாடிக் குவளைகள். சம்பள நாளன்று சுங்கைப் பட்டாணியிலிருந்து சைக்கிளில் துணிமூட்டையோடு வரும் தமிழ் முஸ்லிம் வணிகர் ஒருவரிடம் தவணைக்கு வாங்கியவை. நீலப் பின்னணியில் பொற்கொடிகள் படர, விளிம்பின் கீழே எழுத்துப்போல ஒரு வரி சுற்றி ஓடும். அது என்ன எழுத்து என்று தாயார் ஐயுற்றுக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"பாய், இது ஏதும் சாமி எழுத்துங்களா? நாங்க பொழங்கலாமா?"

"எழுத்தில்ல தங்கச்சி, எழுத்து மாதிரி போட்ட கொடிவேலை. நெசமாவே ஓதுற எழுத்தா இருந்தா, தண்ணி குடிக்கிற கிளாசுல போட்டு நான் விப்பேனா?"

எழுத்தறியாத என் தாயாரின் வினாவும் எளிய வணிகரின் விடையும் ஒரு நல்ல திறனாய்வின் தொடக்கம் என்பதை அறிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. தாயார் அக்குவளைகளைத் தீபாவளிக்கும் விருந்தினர் வரும்போதும் மட்டுமே எடுப்பார். எடுத்தபின் அடுப்புச் சாம்பல் தேய்த்துக் கழுவுவார். மூன்றாம் தீபாவளிக்குள் பொன் போய்விட்டது. கொடி படர்ந்த இடத்தில் மங்கலான தடம் மட்டுமே எஞ்சியது. 'ஏமாந்துவிட்டோம்' என்று தாயார் ஒருநாளும் கூறியதில்லை. 'மினுக்கு இருந்த வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு' என்பார்.

சூளையில் எழுதியோர்

அக்குவளைகளின் மூதாதையரைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. எனாமல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன தோட்டத்து வீடுகளில் புழங்கிய எனாமல் தட்டும் குவளையுமே. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைப் பரப்பி உருக்கி ஒட்டவைத்த பூச்சு அது. அதே பொடியை வண்ணமாக்கி, கண்ணாடிக் கலத்தின் மேலேயே ஓவியமாகவும் எழுத்தாகவும் தீட்டி உருக்கினால் எனாமல் கண்ணாடி பிறக்கும்.

இக்கலை சிரியாவிலும் எகிப்திலும் 12-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை உச்சத்தில் விளங்கியது. அலெப்போ, டமாஸ்கஸ், கெய்ரோ ஆகிய நகரங்களின் பெயர்கள் இதனோடு இணைத்துப் பேசப்படுகின்றன. கைவினைஞர் ஊதுகுழலால் கலத்தை ஊதி உருவாக்குவர். அது ஆறியபின், பொன்னை இலையாகவோ பொடியாகவோ இட்டு, செந்நிறக் கோட்டால் வடிவங்களை வரைந்து, வண்ணக் கண்ணாடிப் பொடியைப் பசையோடு குழைத்து நிரப்புவர். சிவப்புக்கு இரும்புக் கலவை பயன்பட்டது. சில கலங்களின் நீலத்தில், ஆப்கானிஸ்தானத்து மலைகளில் கிடைக்கும் லாபிஸ் லசுலி என்னும் நீலக்கல்லை அரைத்துச் சேர்த்துள்ளனர் என்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

எழுதி முடித்த கலம் மீண்டும் தீயினுள் செல்ல வேண்டும். இக்கலையின் உயிர்நிலை இதுவே. வண்ணம் உருக வேண்டும், கலம் உருகலாகாது. சூடு குறைந்தால் வண்ணம் ஒட்டாது உதிரும். சூடு மிகுந்தால் கலமே நெளிந்து சாயும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சிறு எல்லைக்குள், அளவுகோல் ஏதுமின்றிக் கண்ணால் தீயின் நிறத்தைக் கண்டே அவர்கள் பணி செய்தனர். அத்தீயைக் கடந்து வந்த வண்ணம் அதன்பின் பூச்சாக இருப்பதில்லை. கண்ணாடியின் உடலாகவே ஆகிவிடுகிறது. அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த நீலமும் சிவப்பும் நிலைத்திருப்பதன் காரணம் இதுவே. பொன் மெல்லிய படலமாதலின் கைபட்ட இடங்களில் தேய்ந்துள்ளது. எனினும் அதுவும் தீயில் பதிந்த பொன்னாதலால் என் தாயாரின் குவளைப் பொன்போல மூன்றே ஆண்டில் மறைந்துவிடவில்லை.

இக்கலையின் சிகரம் பள்ளிவாசல் விளக்குகள். விரிந்த கழுத்தும் பருத்த வயிறும் உடைய இவை, சங்கிலிகளால் கூரையிலிருந்து தொங்கும். உள்ளே சிறு கிண்ணத்தில் எண்ணெயும் திரியும் இருக்கும். கெய்ரோவில் 1356-இல் கட்டத் தொடங்கிய சுல்தான் ஹசன் பள்ளிவாசலுக்கெனச் செய்யப்பட்ட விளக்குகள் பல இன்றும் உள்ளன. இத்தகைய விளக்குகளின் கழுத்தில் திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயத்து 35-ஆம் வசனத்தின் சொற்கள் எழுதப்படுதல் மரபு. இறைவனின் ஒளியைக் கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கிற்கு ஒப்பிடும் வசனம் அது. எந்தப் பொருளைப் பற்றி வசனம் பேசுகிறதோ, அந்தப் பொருளின் மேலேயே அவ்வசனம் எழுதப்பட்டது. விளக்கேற்றினால் சொல் ஒளிரும். சொல்லைப் படித்தால் விளக்கு விளங்கும். சில விளக்குகளில் எழுத்தைச் சுற்றியுள்ள இடத்திற்கு மட்டும் நீலமிட்டு, எழுத்தை ஒளி ஊடுருவும் கண்ணாடியாகவே விட்டனர். எங்கே வண்ணம் இடலாகாது என்பதையும் அறிந்தவர்கள் அவர்கள்.

கிண்ணமேந்தியின் சின்னம்

இவ்விளக்குகளில் மற்றொரு செய்தியும் உண்டு; தோட்டத்து மக்களாகிய நமக்கு அது மிகவும் நெருங்கியது. இவை பெரிதும் செய்யப்பட்ட காலத்தில் எகிப்தையும் சிரியாவையும் ஆண்டோர் மம்லூக்கியர். 1250 முதல் 1517 வரை அவர்களது ஆட்சி நடைபெற்றது. மம்லூக் என்னும் அரபுச் சொல்லுக்கு 'உடைமையாக்கப்பட்டவன்' என்பது பொருள். அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டுப் படைப்பயிற்சி பெற்றவர்களே பின்னர்ச் சுல்தான்களாகவும் அமீர்களாகவும் உயர்ந்தனர்.

அந்த அமீர்கள் தத்தமக்கெனச் சின்னம் வகுத்துக்கொண்டபோது தாம் முன்பு செய்த ஊழியத்தின் கருவியையே தேர்ந்தனர். வாள் சுமந்தவன் வாளையும், எழுத்துப்பணி செய்தவன் எழுதுகோற்பெட்டியையும், கிண்ணம் ஏந்தியவன் கிண்ணத்தையும் சின்னமாகப் பொறித்தனர். நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அமீர் கவ்சூன் என்பவர் பெயரால் அமைந்த பள்ளிவாசல் விளக்கு ஒன்று உள்ளது. கவ்சூன், சுல்தான் அந்நாசிர் முஹம்மதுவின் கிண்ணமேந்தியாக இருந்தவர். அவ்விளக்கில் இறைவசனத்திற்கும் பட்டப்பெயர்களுக்கும் இடையே ஒரு கிண்ணம் தீட்டப்பட்டுள்ளது.

எண்ணிப் பாருங்கள். பணிவிடைக்காரன் ஒருவன் தன் பணிவிடையை மறைக்கவில்லை. அதனைப் பொன்னால் எழுதிப் பள்ளிவாசலில் தொங்கவிட்டான். கிண்ணம் ஏந்திய கை வெட்கப்பட வேண்டிய கை என்று அவனுக்குத் தோன்றவில்லை. மங்கு ஏந்திய மக்களின் வழிவந்த நாம் நம் இலக்கியத்திற்கு எதனைச் சின்னமாகக் கொண்டோம்? கவியரங்க மேடைகளிலும் மலர்களின் முகப்பிலும் யாழும் புலியும் கப்பலும் கண்டோம். மங்கைக் கண்டோமா?

போலியும் பயிற்சியும்

டமாஸ்கஸ் நகரம் 1401-இல் தைமூரின் படையால் சூறையாடப்பட்டது. 15-ஆம் நூற்றாண்டில் சிரியாவிலும் எகிப்திலும் இக்கலை நலிந்தது; வெனிஸ் நகரத்துக் கண்ணாடியாளர் எனாமல் கலையைத் தமதாக்கி வளர்த்தனர். பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கண்கள் மீண்டும் கீழ்த்திசைக் கண்ணாடியின்மேல் விழுந்தன. பாரிஸ் நகரில் பிலிப் ஜோசப் புரொக்கார் என்பவர் பழைய பள்ளிவாசல் விளக்குகளை ஊன்றிக் கற்று, மறைந்துபோன எனாமல் முறையை மீட்டெடுக்க முயன்றார். 1867-ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய கலங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. வியன்னாவின் லோப்மேயர் நிறுவனமும் அரபுப் பாணிக் கண்ணாடிகளைச் செய்தது. பிற்காலத்தில் புகழ்பெற்ற எமீல் காலே இளமையில் புரொக்காரின் வழியே எனாமலின் ஆற்றலை உணர்ந்தவர்.

இவர்களை எவ்வாறு மதிப்பிடுவது? புரொக்காரைப் போலி என்று ஒதுக்குதல் அறமாகாது. அவர் மேற்பரப்பை மட்டும் பார்த்து வரைந்தவரல்லர், தீயைக் கற்றவர். அவருடைய வண்ணம் கண்ணாடியோடு உருகிக் கலந்தது. பிறர் கலையைப் பயில விரும்புவோர் கொள்ள வேண்டிய உழைப்பிற்கு அவர் ஒரு சான்று. தம் கலங்களில் தம் பெயரை எழுதி, இவை தாம் செய்தவை என ஒப்பிய நேர்மையும் அவரிடம் இருந்தது.

ஆயினும் ஒன்று மாறிவிட்டது. சுல்தானின் விளக்கு தொழுவோர்க்கு ஒளி தந்தது. பாரிஸ் விளக்கு செல்வர் வீட்டு வரவேற்பறையில் பூச்சாடிபோல அமர்ந்தது. அதில் எண்ணெய் இல்லை, திரியும் இல்லை. அக்காலத்து ஐரோப்பியப் போலிகள் பலவற்றில் எழுத்து எழுத்தாகவே இல்லை. அரபு அறிந்தவர் படித்தால் பொருள் தராத வெறும் வளைவுகள் அவை. என் தாயாரின் குவளையில் ஓடிய வரி அவற்றின் பேரப்பிள்ளை. அதனை 'எழுத்தில்ல, கொடிவேலை' என்று சைக்கிள் வணிகர் ஒரே தொடரில் தீர்ப்பளித்தார். பல கலைநூல்களும் அதற்குமேல் கூறவில்லை.

ஆகவே மூன்று படிகளை நாம் காண்கிறோம். முதற்படியில் தீயும் உண்டு, பொருளும் உண்டு. இரண்டாம் படியில் தீ உண்டு, பொருள் இடம்பெயர்ந்துவிட்டது. மூன்றாம் படியில் தீயும் இல்லை, பொருளும் இல்லை. மினுக்கு மட்டுமே உண்டு. இன்று சுங்கைப் பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன்னர்க் கடைகளில் அடுக்கப்படும் பொன்விளிம்புக் குவளைகளில் சில தாளில் அச்சிட்ட கோலத்தை ஒட்டிச் சூட்டில் பதித்தவை. அவை ஓரளவு நிலைக்கும். சில வெறும் பூச்சு. ஏழையின் அலமாரியில் அவை தரும் மகிழ்ச்சியை நான் எள்ளி நகையாடேன். குவளையை வாங்குபவர் அது சுல்தானின் விளக்கு என்று கூறிக்கொள்வதில்லை. கூறிக்கொள்ளும் குற்றம் எழுதுவோராகிய நம்மிடமே உள்ளது.

கடாரம் என்னும் பொற்பூச்சு

அக்குற்றத்தை முதலில் என்மீதே சாற்றுகிறேன். இளமையில் ஒரு கவியரங்கிற்காகக் 'கடாரம்' பற்றி நீண்டதொரு கவிதை எழுதினேன். அரசேந்திரச் சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பையும், பட்டினப்பாலை கூறும் காழகத்தையும், புலிக்கொடியையும் அதில் நிறைத்தேன். கைத்தட்டலும் பெற்றேன். அக்கவிதையை எழுதியபோது நான் மெர்போக் சென்றதே இல்லை. எங்கள் தோட்டத்திலிருந்து மெர்போக் வெகுதொலைவன்று, சைக்கிளிலேயே போய்வரலாம். ஜெராய் மலையை நாள்தோறும் கண்டு வளர்ந்தவன், அதன் அடிவாரத்து மண்ணில் என்ன கிடைத்தது என்று அறியாமலே அதனைப் பாடினேன். அது சாம்பல் பட்டால் போகும் பொன் அல்லாமல் வேறென்ன?

பின்னொரு நாள் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்திற்குச் சென்றேன். உடன் வந்த அன்பர்கள் சண்டி எனப்படும் கோயில் அடித்தளங்களையும் சிலைகளையும் கண்டு வியந்தனர். அகழ்ந்தெடுத்த சிறுபொருள்களின் பக்கம் எவரும் நிற்கவில்லை. நானும் அன்று நிற்கவில்லை. அப்பள்ளத்தாக்கின் அகழ்வாய்வுகளைப் பற்றிப் படித்த பிறகே நான் எதனைப் பாராது கடந்தேன் என்று உணர்ந்தேன்.

அப்பள்ளத்தாக்கில் 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் தம் துணைவியாரோடு அகழ்வாய்வு நடத்தினார். 1959, 1960-ஆம் ஆண்டுகளில் புக்கிட் பத்து பாஹாட் சண்டியை அகழ்ந்து மீட்டமைத்த பணியில் அலஸ்டேர் லாம்ப் முன்னின்றார். தொடர்ந்து பெங்காலான் பூஜாங்கிலும் அவர் ஆய்ந்தார். அங்கே வெளிப்பட்டவை யாவை? சீனத்துப் பீங்கான் சில்லுகள், கண்ணாடிப் பாசிமணிகள், அவற்றோடு மேற்காசியாவிலிருந்து வந்த கண்ணாடிக் கலங்களின் உடைசில்லுகள். வேல்ஸ் கண்டெடுத்தவற்றுள் அப்பாசியக் கலீஃபா அல்-முதவக்கில் காலத்து வெள்ளி நாணயத் துண்டு ஒன்றும் இருந்தது. அதன் ஆண்டு ஹிஜ்ரி 234, அதாவது கி.பி. 848. நாம் புலிக்கொடி மட்டுமே பறந்ததாகப் பாடிய துறையில் அராபியரின் கண்ணாடியும் பாக்தாதின் வெள்ளியும் வந்திறங்கியிருந்தன!

அச்சில்லுகளை நான் மேலே கூறிய எனாமல் விளக்குகளோடு ஒன்றாக்கிக் கூற வரவில்லை. அவ்வாறு கூறின் அதுவும் ஒரு பொற்பூச்சே ஆகும். அவ்விளக்குகளை ஈன்ற மேற்காசியக் கண்ணாடி மரபின் கிளைகள் அவை என்ற அளவே நமக்குப் போதும். அவற்றின் பின்கதை இன்னும் சுவையானது. கலங்களாக வந்தவை உடைந்தபின், அல்லது உடைசில்லுகளாகவே வந்து, மீண்டும் உருக்கப்பட்டுப் பாசிமணிகளாக ஆக்கப்பட்டிருக்கலாம் என்ற கருத்து ஆய்வாளரிடையே உண்டு. இம்மாநிலத்தின் சுங்கை மாஸ் பகுதியில் மணிகள் செய்யப்பட்டமைக்குச் சான்றுகள் உள்ளன. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்துத் துண்டித்து மணியாக்கும் அத்தொழில்முறை, தமிழகத்து அரிக்கமேட்டிலிருந்து கடல்கடந்து பரவியது என்றும் அறிஞர் சிலர் கருதுவர்.

இது மெய்யாயின், கடாரத்தில் நம் முன்னோர் விட்டுச்சென்ற புகழ் போர்க்களத்தில் மட்டும் இல்லை. அரபு நாட்டுக் கண்ணாடியைத் தமிழ்நாட்டுத் தொழில்நுட்பத்தால் கெடா மண்ணின் தீயில் உருக்கிய பெயரறியாத ஒரு தொழிலாளியின் உலையிலும் உள்ளது. அவ்வுலையைப் பாடிய கவிஞர் யார்? என் கவிதையில் அது இல்லை.

உமறுவின் வழி

'அராபியக் கண்ணாடிக்கும் நமக்கும் என்ன தொடர்பு? நம் பெருமையைப் பாடவே நமக்கு நேரமில்லை' என்று சிலர் கூறக்கூடும். அவர்களுக்கு நம் இலக்கியமே விடை பகர்கிறது. உமறுப்புலவர் 17-ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடினார். நபிகளின் வரலாறு அரபு நாட்டில் நிகழ்ந்தது. உமறு என்ன செய்தார்? அரபுச் சொற்களை ஆங்காங்கே மினுக்காக ஒட்டிவிட்டு அமையவில்லை. தமிழ்க் காப்பிய மரபுக்கேற்ப நாட்டுவளம் பாடினார்; மருத நிலத்தையும் புனல்வளத்தையும் அரபு மண்ணில் கண்டார். அயல்நாட்டுப் பொருள் தமிழ்ச் சூளையில் உருகித் தமிழின் உடலாகவே ஆயிற்று. பொருளும் மாறவில்லை, தமிழும் நெளியவில்லை. எனாமல் கண்ணாடியாளன் கண்ட இடைப்பட்ட சூட்டை அவரும் கண்டிருந்தார். 'இது பிறர் பொருள்' என்று ஒதுக்கியிருந்தால் தமிழ் ஒரு காப்பியத்தை இழந்திருக்கும்.

அகிலனின் இரு நாவல்களை இங்கு நினைத்தல் பொருத்தமுடையது. அரசேந்திரச் சோழனைப் பற்றி அவர் எழுதிய 'வேங்கையின் மைந்தன்' 1963-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பின்னர் அவர் இந்நாட்டிற்கு வந்து பால்மரத் தொழிலாளர் வாழ்வைக் கண்டு 'பால்மரக்காட்டினிலே' எழுதினார். கடாரம் கொண்ட மன்னனை எழுதிய அதே எழுதுகோல், கடாரத்து மண்ணில் மரம் வெட்டுவோரையும் எழுதத் துணிந்தது. மேடைகளில் நாம் அடிக்கடி எடுத்துப் பேசுவது இவற்றுள் எதனை? முன்னதை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மன்னன் பொன், மரம் வெட்டுபவன் மங்கு. பொன்னைப் பேசுதல் எளிது.

2013-இல் சுங்கை பத்துப் பகுதியில் 11-ஆம் எண் சண்டி என வழங்கிய பழங்கோயில் அடித்தளம் நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. நம்மவர் பலர் கொதித்தெழுந்தனர். அது முற்றிலும் நியாயமே. ஆயிரம் ஆண்டுச் செங்கல்லை ஒருநாளில் வாரி எறிதல் பொறுக்கக்கூடிய செயலன்று. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் லயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிந்தபோது, அதே கொதிப்பு நம் எழுத்தில் எழுந்ததா? சிலர் எழுதினர், நன்றாகவே எழுதினர். எனினும் சண்டிக்காகப் பாடியோரில் எத்தனைபேர் தம் தாய் துடைத்த மங்குக்காக ஒரு பக்கம் எழுதினர்? நான் பிறந்த லயமும் இன்றில்லை. அது இடிந்த ஆண்டில் நான் எழுதியது, மற்றுமொரு கடாரக் கவிதை.

எழுதுவோர் செய்யத்தக்கன

குறை கூறி முடிப்பது திறனாய்வாகாது. செய்யத்தக்கவை இரண்டினைக் கூறி அமைகிறேன்.

முதலாவது, நம் கருவிகளின் பெயர்களைக் கூச்சமின்றி எழுதுவோம். மங்கு, பெரட்டு, லயம், ஆயாக் கொட்டகை, கிராணி, கங்காணி என்பன கொச்சை என்று ஒதுக்கப்பட்டு, அவற்றிற்குத் தூய சொற்கள் தேடப்படுவதைக் காண்கிறேன். தூய தமிழில் எழுதுதல் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. இக்கட்டுரையே அதற்குச் சான்று. ஆனால் மங்கைப் 'பாலேந்தும் கிண்ணம்' என்று மாற்றியவுடன் கொசுக்கடியும் விடியற்குளிரும் அதிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. மக்கள் வாயில் நூறாண்டு வெந்த சொல், சூளை கண்ட சொல். கிண்ணமேந்தி தன் கிண்ணத்தைக் கிண்ணமாகவே தீட்டினான் என்பதை மறத்தல் ஆகாது.

இரண்டாவது, நம் கதைகளில் யாரை விட்டுவிடுகிறோம் என்று எண்ணிப் பார்ப்போம். சம்பள நாளில் சைக்கிளில் வந்த தமிழ் முஸ்லிம் வணிகர் தோட்டத்து வாழ்வின் ஓர் உறுப்பினர். அவரிடம் கடன் வாங்காத வீடு எங்கள் லயத்தில் இல்லை. பிள்ளைகளின் பள்ளிச்சட்டை முதல் மணப்பெண்ணின் கூறைச்சேலை வரை அவர் மூட்டையிலிருந்தே வந்தன. நம் தோட்டக் கதைகளில் அவர் வந்தாலும் பெரும்பாலும் ஒரு தொடரில் வந்து ஒரு தொடரில் போய்விடுவார். மெர்போக்கின் மண்ணில் அராபியச் சில்லுகளைக் காணாது கடந்த அதே கண்கள், இவரையும் காணாது கடந்துவிடுகின்றன. பழங்காலத்தில் ஒருவகை, இக்காலத்தில் ஒருவகை என்று குருட்டுத்தன்மை இரண்டில்லை, ஒன்றே.

என் தாயார் மறைந்தபின் அலமாரியைத் திறந்தோம். ஆறு குவளைகளில் இரண்டு எஞ்சியிருந்தன. பொன்னும் இல்லை, கொடியும் இல்லை. நீலம் மட்டும் சற்றே இருந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒழுகவில்லை. பூச்சு போனபின்னும் கலம் கலமாகவே இருந்தது. அந்த இரண்டில் ஒன்றில் இப்போதும் நான் தண்ணீர் அருந்துகிறேன். என் பழைய கடாரக் கவிதையையும் அவ்வாறே கழுவிப் பார்த்தேன். பொன் போனபின் அதில் ஒன்றும் எஞ்சவில்லை. இனி எழுதுவதையேனும் தீயில் இட்டு எடுக்க வேண்டும் என்று அன்று உறுதி கொண்டேன்.